அன்னாசிப்பூவும் காய்ச்சல் மாத்திரையும்

மூணாறு மலையில் ஆடி மாதத்து மழை. லயத்து வீடுகளின் கூரையில் விடாமல் கொட்டுகிறது. ஒரு வீட்டில் மருமகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறாள். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நேற்று மாலை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போதே உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்று காலையில் வறட்டு இருமல். தொண்டை வலி. கை கால்களில் அடித்துப் போட்டது போன்ற வலி.

மாமியார் அடுப்பில் கஷாயம் வைக்கிறார். நிலவேம்பும் மிளகும் சுக்கும் கொதிக்கின்றன.

"இதைக் குடிச்சிட்டுப் படுத்துக்கோம்மா. மூணு நாள்ல சரியாப் போயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா அத்தை?"

"இந்த மழையிலயா? சளிக்காய்ச்சலுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? எங்க காலத்துல இந்தக் கஷாயம்தான்."

இந்த இருவரில் யார் சொல்வது சரி? செடியில் மருந்து இருக்கிறது என்று மாமியார் நம்புகிறார். அதில் தவறில்லை. ஆனால் செடியில் இருக்கும் மருந்து எந்த நோய்க்கு? எந்த அளவில்? யாருக்கு? இதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு சொல்வோம்.

சளியும் ஃப்ளூவும்

மூக்கில் நீர் வடிந்து, தும்மல் போட்டு, தானாகவே போய்விடுவது சாதாரண சளி. அதில் காய்ச்சல் அதிகம் இருக்காது. வேலைக்கும் போக முடியும்.

ஃப்ளூ வேறு. அதன் முழுப் பெயர் இன்ஃப்ளூயன்சா. அது திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் படுத்துவிடுவார். கடும் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, இருமல், சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். அப்போது உயிருக்கே ஆபத்து.

இந்தக் காய்ச்சல் பெரிதாகப் பரவிய காலங்கள் உண்டு. 1918இல் முதல் உலகப் போர் முடியும் சமயம். கப்பலில் வந்தவர்களோடு நோய் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. ரயில் பாதை வழியாக நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

2009இல் புதிய வகை ஒன்று உலகெங்கும் பரவியது. மக்கள் அதைப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவில் முதல் நோயாளி ஐதராபாத்தில் கண்டறியப்பட்டார். 2015இல் அதே காய்ச்சல் மீண்டும் கடுமையாக வந்தது. அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. சுமார் 3 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

ஆகவே ஃப்ளூவை வெறும் சளி என்று தள்ளிவிடக் கூடாது.

கிருமியின் கையில் ஒரு கத்திரி

ஃப்ளூவை உண்டாக்குவது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. அது தானாகப் பெருக முடியாது. நம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருக வேண்டும்.

அந்தக் கிருமியின் மேல்தோலில் இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று கொக்கி போன்றது. அதை வைத்து நம் செல்லில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறது. மற்றொன்று கத்திரி போன்றது. உள்ளே பெருகிய புதிய கிருமிகள் வெளியே வரும்போது செல்லின் மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டை வெட்டிவிடுவதற்குத்தான் கத்திரி. வெட்டிக்கொண்டு அடுத்த செல்லுக்குத் தாவுகின்றன.

தோட்டத்தில் கத்திரியால் கொழுந்து வெட்டுபவர்களுக்கு ஒன்று தெரியும். இரண்டு அலகுக்கும் நடுவில் ஒரு குச்சி சிக்கிக்கொண்டால் கத்திரி மூடாது. கொழுந்தும் வெட்டுப்படாது. ஃப்ளூ மாத்திரை செய்வதும் அதுதான். கிருமியின் கத்திரிக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. புதிய கிருமிகள் ஒட்டிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கிருமி கோடிக் கணக்கில் பெருகிப் பரவிய பிறகு கத்திரியைத் தடுத்து அதிகப் பயன் இல்லை. அதனால்தான் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

இந்த மருந்தின் பெயர் ஒசெல்டாமிவிர். கடையில் டாமிஃப்ளூ என்ற பெயரில் முதலில் வந்தது. இது ஒரு செடியிலிருந்து தொடங்கிய மருந்து என்றால் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கதைக்கு முன்னால், நம் மலைக்குத் தெரிந்த இன்னொரு மரத்தைப் பார்ப்போம்.

சின்கோனா சொல்லும் பாடம்

வால்பாறை பக்கத்தில் சின்கோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. அது ஒரு மரத்தின் பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். 1860களில் நீலகிரியில் நட்டார்கள். பிறகு ஆனைமலையிலும் அரசுத் தோட்டம் வந்தது. மூணாறு மலையிலும் தேயிலைக்கு முன்னால் சின்கோனாவை நட்டுப் பார்த்தார்கள்.

இந்த மரத்தின் பட்டை மிகவும் கசக்கும். மலேரியாவுக்கு அதை இடித்துக் குடித்தார்கள். சிலருக்குக் கேட்டது. சிலருக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் ஒரு மரத்துப் பட்டையில் மருந்துச் சத்து அதிகம் இருக்கும். இன்னொன்றில் குறைவாக இருக்கும். 1820இல் பிரான்ஸ் நாட்டில் இரண்டு விஞ்ஞானிகள் அந்தச் சத்தைத் தனியே பிரித்தார்கள். அதுதான் கொய்னா. அதன் பிறகு அளவாகக் கொடுக்க முடிந்தது.

1918இல் ஃப்ளூ பரவியபோது அதே கொய்னாவைப் பலருக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் என்றால் கொய்னா என்ற நினைப்பு. ஆனால் பலன் இல்லை. மலேரியாவை உண்டாக்குவது ஒரு கிருமி. ஃப்ளூவை உண்டாக்குவது வேறு கிருமி. ஃப்ளூவின் கிருமி எது என்பது கூட அப்போது தெரியாது. மனிதரிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்துக் கண்டது 1933இல்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? செடியில் மருந்து இருப்பது உண்மை. ஒரு காய்ச்சலுக்குக் கேட்ட செடி எல்லாக் காய்ச்சலுக்கும் கேட்கும் என்பது உண்மையல்ல.

பிரியாணிப் பூவும் மாத்திரையும்

பிரியாணியில் எட்டு இதழ் விரிந்த நட்சத்திரம் போல ஒரு பொருள் கிடக்கும். தமிழில் அன்னாசிப்பூ என்கிறோம். மலையாளத்தில் தக்கோலம். பெயர் பூ என்றாலும் அது உண்மையில் உலர்ந்த காய். தெற்குச் சீனாவிலும் வியட்நாமின் வடக்கிலும் இந்த மரம் அதிகம் வளர்கிறது.

இந்தக் காயில் சிகிமிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பானில் இதே இனத்தைச் சேர்ந்த மரத்துக்கு ஷிகிமி என்று பெயர். 1885இல் அங்கே வேலை செய்த டச்சு விஞ்ஞானி எய்க்மன் அதிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தார். மரத்தின் பெயரையே அமிலத்துக்கும் வைத்தார். அப்போது அது எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நூறு ஆண்டுக்குப் பிறகு அதற்கு வேலை வந்தது. 1990களில் அமெரிக்காவின் கிலியட் நிறுவன விஞ்ஞானிகள் ஃப்ளூ கிருமியின் கத்திரியை ஆராய்ந்தார்கள். அதன் வடிவத்தைப் பார்த்து, அதற்குள் பொருந்திச் சிக்கும் பொருளை உருவாக்கினார்கள். அதைச் செய்ய சிகிமிக் அமிலம் நல்ல தொடக்கப் பொருளாக இருந்தது. குயினிக் அமிலம் என்ற பொருளிலிருந்தும் செய்தார்கள். அந்தக் குயினிக் அமிலம் எதில் இருக்கிறது தெரியுமா? சின்கோனா பட்டையில். 1918இல் ஃப்ளூவுக்குக் கேட்காத அதே மரம், பிறகு ஃப்ளூ மருந்துக்கு ஒரு மூலப்பொருளைத் தந்தது. 1999இல் இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

2005இல் பறவைக் காய்ச்சல் பயம் உலகெங்கும் பரவியது. எல்லா நாடுகளும் மாத்திரையைச் சேமிக்க நினைத்தன. மாத்திரைக்குத் தட்டுப்பாடு. அன்னாசிப்பூவின் விலையும் ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்தின் ஹெட்டெரோ நிறுவனம் இந்தியாவில் இம்மருந்தைச் செய்ய உரிமம் பெற்றது. மும்பையின் சிப்லா நிறுவனமும் செய்தது. பிறகு சிகிமிக் அமிலத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு பெரிய தொட்டிகளில் தயாரிக்கும் முறையும் வந்தது. தோசை மாவைப் புளிக்க வைப்பதும் நுண்ணுயிர்கள்தானே. அதுபோன்ற வேலைதான் இதுவும்.

அப்படியென்றால் அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஃப்ளூ போய்விடுமா?

போகாது. அன்னாசிப்பூவில் இருப்பது மாத்திரை அல்ல. மாத்திரைக்கு மூலப்பொருள் மட்டுமே. சிகிமிக் அமிலத்துக்குக் கிருமியின் கத்திரியைத் தடுக்கும் சக்தி கிடையாது. தொழிற்சாலையில் பல படிகளில் அதை மாற்றிய பிறகுதான் அந்தச் சக்தி வருகிறது. பருத்தியை உடம்பில் சுற்றிக்கொண்டால் சேலை ஆகுமா? நூற்க வேண்டும், நெய்ய வேண்டும். அதைப் போலத்தான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜப்பானிய ஷிகிமி மரத்தின் காய் பார்க்க அன்னாசிப்பூ போலவே இருக்கும். ஆனால் அது விஷம்.

நம் மலைச் செடிகள்

நம் பக்கத்துச் செடிகளில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. விஞ்ஞானிகள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2009இல் பெங்களூர் விஞ்ஞானிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல வகைச் செடிகளையும் மரங்களையும் சோதித்தார்கள். எதில் சிகிமிக் அமிலம் இருக்கிறது என்று பார்த்தார்கள். நம் மலைகளில் வளரும் சிறுபுன்னை மரத்தில் அது நல்ல அளவில் இருப்பது தெரிந்தது.

ஆடாதோடை நம் வேலிகளில் வளர்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து வீடுகளில் இருமலுக்கு இதன் இலையைத் தேனோடு கொடுப்பார்கள். இதில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். இன்று பல இருமல் மருந்துகளில் அது இருக்கிறது. அது சளியை இளக்கும். ஆனால் ஃப்ளூ கிருமியை அழிக்கும் மருந்து என்று அதைச் சொல்ல முடியாது.

நிலவேம்பு எல்லோருக்கும் தெரியும். மலையாளத்தில் கிரியாத்து. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது பொருள்கள் உண்டு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு இதை மக்களுக்கு வழங்கியது. 2020இல் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரை வழங்கியது. அதில் பதினைந்து பொருள்கள்.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள். 1911லேயே அதைப் பிரித்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் செல்களிலும் எலிகளிலும் இது ஃப்ளூ கிருமியைக் கட்டுப்படுத்தியது. மனிதர்களிடம்? சளி, இருமல் நோயாளிகளிடம் நடந்த 33 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இருமலும் தொண்டை வலியும் ஓரளவு குறைவது தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பல சரியான முறையில் நடக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஆகவே நிலவேம்பு ஃப்ளூவைக் குணமாக்கும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் சான்று போதாது.

குடுவையும் உடம்பும்

கண்ணாடிக் குடுவையில் கிருமியை அழிக்கும் செடிகள் நிறைய உண்டு. மஞ்சள், துளசி, இஞ்சி எல்லாவற்றிலும் அப்படிப்பட்ட பொருள்கள் இருக்கின்றன. ஆனால் குடுவை வேறு, உடம்பு வேறு.

குடுவையில் மருந்து நேராகக் கிருமியின் மேல் விழுகிறது. நாம் குடிக்கும் கஷாயம் வயிற்றுக்குப் போகிறது. அங்கே செரிக்கிறது. ஈரலில் உடைகிறது. மிச்சம் இருப்பது ரத்தத்தில் கலக்கிறது. மூச்சுக்குழாய்க்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? பல நேரங்களில் மிகக் கொஞ்சம். போதுமான அளவு சேர வேண்டுமென்று அதிகமாகக் குடித்தால் உடம்புக்குக் கெடுதல் வரலாம்.

அதனால்தான் ஒரு பொருள் மருந்தாக வேண்டுமென்றால் பல படிகள் ஏற வேண்டும். முதலில் குடுவை. அடுத்து விலங்கு. பிறகு சில மனிதர்கள். பிறகு பல நூறு மனிதர்கள். மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃப்ளூ பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும். எதைக் குடித்தாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது நோயை ஏறக்குறைய ஒரு நாள்தான் குறைக்கும். சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். கிருமியும் சும்மா இருப்பதில்லை. தன் கத்திரியின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். 2008-09இல் பரவிய ஒரு வகை ஃப்ளூ கிருமி இந்த மாத்திரைக்கு மசியவில்லை. அதனால்தான் புதிய மருந்துகளுக்காகச் செடிகளைத் தேடும் வேலை நிற்கவில்லை. நம் காட்டையும் அதன் செடிகளையும் காப்பாற்றி வைக்க இதுவும் ஒரு காரணம்.

யார் எப்போது போக வேண்டும்?

ஃப்ளூ நோயாளிகளை டாக்டர்கள் மூன்று பிரிவாகப் பார்க்கிறார்கள்.

முதல் பிரிவு: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் உள்ளவர்கள். இவர்களுக்கு ஒசெல்டாமிவிர் தேவையில்லை. ஓய்வு, கஞ்சி, வெந்நீர், டாக்டர் சொல்லும் காய்ச்சல் மாத்திரை போதும். சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமாக இருக்கும். தாராளமாகக் குடிக்கலாம். இரண்டு நாளில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாம் பிரிவு: கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர்கள். மேலும் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயம், சிறுநீரகம் போன்ற நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு லேசான காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

மூன்றாம் பிரிவு: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலம் பூத்தல், மயக்கம் உள்ளவர்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தையும் இதில் சேரும். இவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 108 எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

கடையில் நாமாகக் கேட்டு ஒசெல்டாமிவிர் வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரை ஃப்ளூ கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை முழுவதும் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

நோய் பரவாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பங்கள். போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு வரும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிறார்கள். ஒருவர் இருமினால் எல்லோருக்கும் வரும். இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சல் உள்ளவர் வேலைக்குப் போகாமல் இருப்பது அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது. ஆண்டுதோறும் போடக்கூடிய தடுப்பூசியும் உண்டு. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

மீண்டும் அந்த வீட்டுக்கு

கஷாயம் இறக்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஆஷா பணியாளர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

"எப்போலேர்ந்து காய்ச்சல்?"

"நேத்து சாயந்தரத்துலேர்ந்து அக்கா."

"அப்ப இன்னும் ஒரு நாள் கூட ஆகலை. நல்லதாப் போச்சு. இப்பவே கிளம்பலாம்."

"கஷாயம் வச்சிருக்கேனே" என்கிறார் மாமியார்.

"உங்க கஷாயத்தைக் குறை சொல்லலை அம்மா. ஆனா நிலவேம்பு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தோட மூலிகைப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. வயித்துல பிள்ளை இருக்கறப்ப ஃப்ளூ வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதுக்கான மாத்திரையைக் கர்ப்பிணிகளும் சாப்பிடலாம். அதுவும் ஒரு செடியிலேர்ந்து தொடங்கினதுதான்."

"செடியிலேர்ந்தா?" என்று மாமியார் நிமிர்ந்து பார்க்கிறார்.

"ஆமாம்மா. பிரியாணியில போடற அன்னாசிப்பூ. வழியில சொல்றேன், வாங்க."

மாமியார் கஷாயப் பாத்திரத்தை மூடி வைக்கிறார். அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்து மருமகளின் தோளில் போர்த்துகிறார். மூவரும் மழையில் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள்.

கலந்து பேசுங்கள்

1. சாதாரண சளிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வேறுபாடு?

2. அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஃப்ளூ ஏன் குணமாகாது?

3. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

4. உங்கள் வீட்டில் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் யார் யார்? அவர்கள் பெயர்களை எழுதுங்கள்.

5. உங்கள் ஊரில் காய்ச்சலுக்குப் பயன்படுத்தும் செடிகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டு எழுதுங்கள். எந்தச் செடியை யார் சாப்பிடக் கூடாது என்று பெரியவர்களிடமும் டாக்டரிடமும் கேளுங்கள்.